கரிசல் குரலுக்குக் கதவடைப்பா?

வாய் திறந்து சொன்னால் போதும், வேலை நடக்கும் என்கிறார்கள். "திற" என்றால் திறக்கிறது. "மூடு" என்றால் மூடுகிறது. "எழுது" என்றால் எழுதுகிறது. "அனுப்பு" என்றால் ஆயிரங்காதம் அப்பால் இருப்பவனுக்கு நொடியில் அனுப்பி வைக்கிறது கணிப்பொறி! விசைப்பலகையைத் தட்ட வேண்டாம். சுட்டியைப் பிடித்து நகர்த்த வேண்டாம். குரல் ஒன்று போதும் என்கிறார்கள்.

மெத்த மகிழ்ச்சி! அறிவியல் தந்த அரிய விளைவு; வரவேற்கிறோம். ஆனால், ஒரே ஒரு கேள்வி. யாருடைய குரல் போதும்?

நியூயார்க் நகரத்து வணிகனின் குரலா? குளிரூட்டிய அறையில் அமர்ந்து ஆங்கிலத்தை அளந்து பேசும் அதிகாரியின் குரலா? அல்லது, அருப்புக்கோட்டையில் தறிக்குழியில் கால்களை இறக்கி, கை இரண்டும் நாடாவோடு ஓட, நாள் முழுதும் நெய்யும் நெசவாளியின் குரலா? திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் குதிரைவாலிக்குக் களை எடுக்கும் மூதாட்டியின் குரலா? நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேலை வெட்டி, மூட்டம் போட்டு, புகையில் வெந்து கரி எடுக்கும் தொழிலாளியின் குரலா?

திருச்சுழி என்றதும், மௌனத்தையே உபதேசமாகக் கொண்ட ரமணர் 1879-இல் பிறந்த ஊர் என்று பெருமை பேசுவோர் உளர். பேசத் தெரிந்தவர் தாமே விரும்பிப் பூணும் மௌனம் ஒன்று. பேசியும் கேட்பாரின்றி வாயடைத்து நிற்கும் மௌனம் மற்றொன்று. அந்த இரண்டாவது மௌனம் இருக்கிறதே, அது கரிசல் மண்ணுக்குப் பழைய நோய். அந்த நோய் புதிய பொறியின் வழியாகவும் வந்து புகுகிறது என்பதே நமது குற்றச்சாட்டு.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்துவிடுவோம். குரலுக்குப் பணியும் பொறி என்றதும், "மந்திரத்தால் மாநிலத்தை ஆட்டிவைத்த எம் முன்னோர் அன்றே கண்டது இது!" என்று மார்தட்டக் கிளம்பும் கூட்டம் ஒன்று உண்டு. மந்திரம் பலித்ததற்குச் சான்று கேட்டால், புராணத்தைக் காட்டுவர். பொறி பணிவதற்குச் சான்று கேட்டால், பொறியையே காட்டலாம்! நம் பேச்சு காற்றில் எழுப்பும் அதிர்வை ஒலிவாங்கி மின்னலையாக மாற்றுகிறது. அந்த அலை பெரும்பாலும் நொடிக்கு 16,000 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. நொடியை நாற்பது கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு சிறு துண்டுகளாக அந்த எண்கள் ஆராயப்படுகின்றன. இந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி வரக்கூடும், இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று, முன்பு கேட்டவற்றைக் கொண்டு பொறி கணக்கிடுகிறது. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை, கணக்கு!

முன்பு கேட்டவற்றைக் கொண்டு என்றோமே, தோழர்களே, அந்தச் சொற்களை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கேட்காத குரலைப் பொறி அறியாது. சூட்சுமமும் அங்கேதான் இருக்கிறது. சூழ்ச்சியும் அங்கேதான் நுழைகிறது.

1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் செய்த 'ஆட்ரி' என்னும் பொறி, எண்களின் பெயர்களை மட்டுமே புரிந்துகொண்டது. அதுவும் அதற்குப் பழகிய ஒருவர் விட்டு விட்டுச் சொன்னால்! 1962-இல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனத்தார் காட்டிய 'ஷூபாக்ஸ்', எண்கள் உட்பட 16 சொற்களை அறிந்திருந்தது. அந்த நிலையிலிருந்து இந்தத் துறையை ஏற்றி வைத்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? அன்றைய சென்னை மாகாணத்தில், சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், 1937-இல் உழவர் குடும்பத்தில் பிறந்த ராஜ் ரெட்டி! கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று 1958-இல் பட்டம் பெற்றார்; 1966-இல் ஸ்டான்போர்டில் முனைவரானார். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவரும் தோழர்களும் உருவாக்கிய 'ஹியர்சே' என்னும் அமைப்பு, 1973-ஆம் ஆண்டளவில், வாயால் சொன்ன நகர்த்தலைக் கேட்டுச் சதுரங்கம் ஆடியது. கணிப்பொறி உலகின் தலைசிறந்த பரிசான டூரிங் விருது 1994-இல் அவருக்குக் கிடைத்தது. அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த பேக்கர் இணையர் 1982-இல் தொடங்கிய நிறுவனம்தான், 1997-இல், தொடர்ந்து பேசுவதை எழுதும் 'டிராகன்' மென்பொருளைச் சந்தைக்குக் கொண்டு வந்தது.

உழவன் மகன் பொறிக்குக் காது கொடுத்தான். அந்தக் காது இன்று உழவனுக்குக் கேட்கிறதா?

கணக்கைப் பார்ப்போம். 2022-இல் 'ஓப்பன் ஏ.ஐ.' நிறுவனம் 'விஸ்பர்' என்னும் குரலறி பொறியை வெளியிட்டது. அதற்குக் கேட்க வைத்த ஒலி 6,80,000 மணி நேரம். அதில் ஆங்கிலம் மட்டும் நாலு இலட்சம் மணிக்கு மேல். எஞ்சிய 96 மொழிகளின் எழுத்துப் பயிற்சிக்கு 1,17,000 மணி. அதில் ஒரு கோடிப் பேரளவில் பேசும் சுவீடிய மொழிக்கு 2,000 மணிக்கு மேல். ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் தமிழுக்கு? 136 மணி! ஆறு நாள் கூட நிரம்பாத நேரம்! பந்தியில் முன்வரிசைக்குப் பாயசம், கடைசி வரிசைக்கு இலை கழுவிய நீர் என்பார்களே, அந்தக் கதைதான்.

"தமிழில் பேசினால் எழுதுகிறதே, இன்னும் என்ன குறை?" என்று கேட்போர் உண்டு. உண்மை. 2017 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. கைப்பேசியில் பலர் பயன்படுத்துகின்றனர். ஆனால், எழுதுவது வேறு, ஏவுவது வேறு. சொன்னதை எழுதிக் கொள்வது எழுத்தன் வேலை. கோப்பைத் திறந்து, பக்கத்தை உருட்டி, படிவத்தின் கட்டங்களுக்குள் தாவி, தவறியதை அழித்து, முடிந்ததும் அனுப்புவதுதான் கணிப்பொறியை ஆள்வது. 2022-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'விண்டோஸ் 11'-இல் கொடுத்த 'வாய்ஸ் ஆக்சஸ்' இதைச் செய்கிறது. திரையில் உள்ள ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் எண் காட்டும். எண்ணைச் சொன்னால் அழுத்தும். அருமையான ஏற்பாடு! ஆனால் அது பிறந்தபோது அறிந்த மொழி ஆங்கிலம் ஒன்றே. 2024-இல் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் வந்தன. பின்னர் சீனமும் ஜப்பானியமும் வந்தன. அந்த அறிவிப்புகளில் தமிழைத் தேடினேன், காணவில்லை. தமிழில் எழுதலாமாம், தமிழால் ஆளக்கூடாதாம்! இந்தச் சொற்றொடர் நமக்குப் புதிதா, தோழர்களே?

இது வசதி படைத்தோரின் விளையாட்டுப் பொருளைப் பற்றிய வழக்கு என்று எவரும் எண்ண வேண்டாம். நமது விருதுநகர் மாவட்டம் பட்டாசுக்குப் பேர் போனது. மழை பொய்த்தால், கண்மாய் வறண்டால், கரிசல் காட்டு மக்களுக்கு மருந்தறைதான் மாற்று வயல். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் வெடித்த வெடியில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டனர். மாண்டவருக்கு மலர்வளையம் வைத்தனர். மறுநாள் ஏடுகள் எழுதின. வெடிவிபத்துகளில் உயிர் பிழைத்து, விரல் இழந்து, கை கருகி, வீட்டுத் திண்ணையில் எஞ்சிய நாளை எண்ணிக் கொண்டிருப்போரைப் பற்றி எவர் எழுதினர்? இருபத்தைந்து வயதில் இரு கையும் இயங்காத ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு விசைப்பலகை வெறும் பலகை. ஆனால் அறிவு மழுங்கவில்லை; நாக்கு வெந்துபோகவில்லை. குரலுக்குப் பணியும் கணிப்பொறி அவன் முன் இருந்தால், அவன் கணக்கெழுதலாம், கல்வி கற்கலாம், கூலிக்கு வேலை செய்யலாம். அவனுக்குக் குரலே கை!

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர். அவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் எட்ட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சட்டம் கூறியது, பொறி என்ன கூறுகிறது? "முதலில் ஆங்கிலம் கற்று வா" என்கிறது! கை போனவனிடம், "நாக்கையும் மாற்றிக் கொள்" என்பதற்கு என்ன பெயர்? கருணையா?

கை உள்ளவர் நிலையோ? அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தோர் 100-க்கு 73 பேர். மற்ற 27 பேர்? பட்டா நகல் கணிப்பொறியில்; பயிர்க் காப்பீடு கணிப்பொறியில்; முதியோர் உதவித்தொகை மனுவும் கணிப்பொறியில். காரியாபட்டியிலும் பந்தல்குடியிலும் உள்ள எளிய உழத்தி அந்தப் பெட்டியின் முன் நேரே நிற்க முடியாது. இடையில் ஒருவர் வேண்டும். அவர் கேட்கும் கூலியைக் கொடுக்க வேண்டும். அவர் தட்டியதே மனு. அவர் சொன்னதே பதில். ஆண்டவனுக்கும் அடியானுக்கும் இடையே தரகர் எதற்கு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அரசுக்கும் குடிமகளுக்கும் இடையே தரகர் எதற்கு என்று கேட்க வேண்டாமா? பேச்சைக் கேட்டுப் பணிபுரியும் பொறி அந்தத் தரகைப் பேரளவுக்கு ஒழிக்கும். ஒழிக்கும் கருவி கையில் இருந்தும் ஒழிக்காமல் இருப்பது குற்றம் அல்லவா?

இங்கே எழுகிறார் பண்டிதர். "பொறி மேல் பிழை இல்லை; பேசுவோர் மேல்தான் பிழை. செந்தமிழில், திருத்தமாக, நிறுத்தி நிதானமாகப் பேசட்டும், பொறி கேட்கும்" என்கிறார். ஐயா பண்டிதரே! 'மழை பெய்திருக்கிறது' என்று ஏடு எழுதும். 'மள பேஞ்சிருக்கு' என்று காடு பேசும். மழை பெய்தது ஏட்டில் அல்ல, காட்டில்! 'அங்கிட்டு', 'இங்கிட்டு', 'வெரசா', 'சோலி' என்பன பிழைகள் அல்ல. ஓர் உலகின் சொற்கள். பள்ளியைப் பாதியில் விட்ட இடைசெவல் உழவர் கி. ராஜநாராயணன் அந்தச் சொற்களைத் தொகுத்து அகராதியே தந்தார். 1991-இல் சாகித்திய அகாதெமி அவருக்குப் பரிசளித்தது. அகராதி ஏறிய சொல்லுக்குக் கணிப்பொறி ஏறத் தகுதி இல்லையா? வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, வீதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் அருப்புக்கோட்டையில் எத்தனை! அவர்கள் நாவில் தமிழ் வேறொரு சாயலில் ஒலிக்கும். அதுவும் தமிழே.

சுவரம் பிசகினால் மந்திரம் சொன்னவனையே அழிக்கும் என்று ஒரு கதை உண்டு. இந்திரனைக் கொல்ல மகன் வேண்டும் என்று துவஷ்டா வேள்வி செய்தானாம். உச்சரிப்பில் ஓர் அழுத்தம் பிசகிற்றாம். இந்திரனால் கொல்லப்படும் மகன் பிறந்தானாம்! உச்சரிப்பை உரிமையாக்கி, உரிமையை ஒரு சிலர்க்கே ஆக்கிய தந்திரக் கதை அது. அந்தப் பழைய கதையைப் புதிய பொறிக்குள் பதித்து, "உன் உச்சரிப்பு சரியில்லை, ஒதுங்கி நில்" என்பதை ஏற்க முடியுமா?

இது நம் மண்ணுக்கு மட்டும் நேர்ந்த அவமதிப்பு அன்று. 2020-இல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள் அமேசான், ஆப்பிள், கூகுள், ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் குரலறி பொறிகளைச் சோதித்தனர். வெள்ளையர் பேச்சில் 100 சொல்லுக்குச் சராசரி 19 பிழை. கறுப்பர் பேச்சில் 35 பிழை! இருவரும் பேசியது ஆங்கிலமே, இருவரும் அமெரிக்கரே. பொறிக்கு நிறவெறி உண்டோ? இல்லை. பொறிக்கு எவர் குரலைக் கேட்க வைப்பது என்று முடிவு செய்தவர் கண்ணில் கறுப்பர் படவில்லை, அவ்வளவே. அங்கே நிறம், இங்கே வர்க்கமும் வட்டாரமும்.

"தமிழ் கடினமான மொழி ஐயா! 'வா' என்ற ஒரு வினை, 'வந்தேன்', 'வரமாட்டான்', 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்று கிளைத்துக் கொண்டே போகிறது, லகர ளகர ழகரம் பேச்சில் கலந்துவிடுகின்றன, பொறி தடுமாறாதா?" என்பர் சிலர். கடினம்தான், மறுக்கவில்லை. கடினம் என்று சொல்லி எழுத்தைச் சீர்திருத்தாமல் இருந்தோமா? அச்சுக்கோப்பவனுக்கும் படிக்கும் பிள்ளைக்கும் எளிதாக வேண்டும் என்று பெரியார் 1935-இல் தம் ஏட்டில் சீர்திருத்த எழுத்தைப் புகுத்தினார். "எழுத்தில் கை வைப்பதா!" என்று எழுந்தது கூச்சல். 1978-இல் தமிழ்நாடு அரசே அதனை ஆணையாக்கியது. மக்களுக்காக எழுத்தே வளைந்தது. மக்களுக்காகப் பொறி வளையாதா?

வளையும் என்பதற்குச் சான்றும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த 'ஏ.ஐ.4பாரத்' குழுவினர் 2024-இல் வெளியிட்ட 'இண்டிக் வாய்சஸ்' தொகுப்பைப் பாருங்கள். 22 மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேர், 7,348 மணி நேரக் குரல்! அதில் எழுதியதைப் படித்துக் காட்டியது நூற்றில் 9 பங்கே. எஞ்சியது மக்கள் தம் வாயாரப் பேசிய பேச்சு. செய்ய முடியும் என்று செய்து காட்டிவிட்டார்கள். இனி, முடியாது என்போர் செய்ய விரும்பாதோர்!

"சந்தை பார்த்துக் கொள்ளும், ஏன் பதற்றம்?" என்பார் வணிகர். சந்தை இலாபம் உள்ள வாயைப் பார்க்கும். பசித்த வாயைப் பாராது. அது மட்டுமா? 2019-இல் வெளியான செய்தி நினைவிருக்கட்டும். பெரு நிறுவனங்களின் குரற்பொறிகளிடம் மக்கள் பேசியவற்றுள் சிலவற்றைக் கூலிக்கு அமர்த்தப்பட்டோர் உட்கார்ந்து கேட்டனர் என்ற உண்மை வெளிப்பட்டது. நம் குரல் கடல் கடந்து சென்று, எவனோ ஒருவனின் கிடங்கில் சரக்காகி, மீண்டும் நமக்கே விலைக்கு வருவதா? பருத்தியை இங்கே எடுத்துத் துணியை அங்கே நெய்து நம்மிடமே விற்ற கதையை நெசவாளர் ஊருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. அரசுப் பணத்தில் வாங்கும் எந்தக் குரலறி பொறியும், கரிசல் உட்பட ஒவ்வொரு வட்டாரத்து ஆண், பெண், முதியோர் குரலில் சோதிக்கப்பட வேண்டும். எந்த மாவட்டத்துப் பேச்சில் 100 சொல்லுக்கு எத்தனை பிழை என்று அச்சிட்டு, அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். பொதுப் பணத்தில் திரட்டிய குரல் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். குரல் தருபவர் இசைவு பெற வேண்டும். இணையம் இல்லாத சிற்றூரிலும் பெட்டிக்குள்ளேயே இயங்கும் பொறியாக அது இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் மட்டும் போதாது. தமிழில் ஏவினாலும் பணிய வேண்டும்.

இளைஞர்களே, அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்கவும் கூடாது. திருச்சுழிக்குத் தெற்கே உள்ள கமுதியில், 1897-இல் கோயிலுக்குள் நுழைந்த நாடார் மக்கள் மீது வழக்கு தொடுத்தனர். 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. கதவு மூடிய அந்தக் காலத்திலேதான், விருதுபட்டியில், வீட்டுக்கு வீடு உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினர் மக்கள். அந்தப் பிடியரிசிப் பள்ளியில் படித்த பிள்ளைதான் காமராசர்! மூடிய கதவின் முன் முட்டிக் கொண்டு நில்லாமல், தாமே ஒரு வாசல் கட்டிய வரலாறு நம் மாவட்டத்து வரலாறு.

இன்று தேவை பிடியரிசி போன்ற பிடிகுரல். 'காமன் வாய்ஸ்' என்னும் பொதுக் குரல் தொகுப்பை 2017-இல் மொசில்லா அமைப்பு தொடங்கியது; தமிழுக்கும் அதில் இடம் உண்டு; எவரும் குரல் தரலாம், எவரும் பயன்கொள்ளலாம். படிப்பகம் நடத்தும் தோழன் பாட்டியை அழைத்து வரட்டும். தறியோசைக்கு நடுவே பேசும் நெசவாளியின் குரல், தொண்டை கரகரத்த கரிமூட்டக்காரன் குரல், கை இழந்த தோழனின் குரல், களத்துமேட்டுப் பெண்ணின் குரல்—ஆளுக்குப் பத்து நிமிடம்! ஆறு பேர் பேசினால் ஒரு மணி நேரம். 816 பேர் பேசினால், உலகப் பெரு நிறுவனம் தமிழ் முழுமைக்கும் ஒதுக்கிய அந்த 136 மணி நேரம்! அருப்புக்கோட்டையின் ஒரு தெருவும் திருச்சுழியின் இரண்டு சிற்றூர்களும் சேர்ந்தால் முடிகிற காரியம் அல்லவா இது?

பொறி புதிது; கேட்கும் காது புதிது. கேட்க வேண்டிய குரலோ மிகப் பழையது. நெடுநாள் அடக்கி வைக்கப்பட்டது. அந்தக் குரலைத் திருத்தப் புறப்படாதீர்கள், பொறியைத் திருத்துங்கள். திருத்த மறுப்போரைத் தட்டிக் கேளுங்கள்!